அப்பாவின் ஓம்னியைப் பிரித்து இரண்டு சீட்டு கார் கட்டலாமா? (வேலூர்)

சத்துவாச்சாரி_ஓம்னி
ஜனவரி 18, இரவு 9:40

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓம்னி நிற்கிறது. 1996 மாடல், டிஎன் 23 எண். அப்பா ஓட்டிய வண்டி. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது, வண்டியும் அன்றிலிருந்து அசையவில்லை. கதவுக்குக் கீழே தகடு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது, விரலால் அழுத்தினால் நொறுங்குகிறது. ஆனால் போன மாதம் வேறு பேட்டரி போட்டு, கார்புரேட்டரைக் கழுவி மாட்டிச் சாவியைத் திருப்பினால், மூன்றாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் புகையில்லாமல் ஓடியது. காயலான் கடைக்காரர் வந்து ஒரு விலை சொன்னார். அதைக் கேட்டதும் அம்மா அவருக்காகக் கொண்டுவந்த மோரைத் திரும்ப உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். போன வருடம் ஆர்டர் விஷயமாக வந்த இங்கிலாந்துக்காரர் ஒருவர் தன் போனில் ஒரு படம் காட்டினார். வீட்டு ஷெட்டிலேயே அவர் கட்டிய கார். கதவு இல்லை, கூரை இல்லை, நீளமான மூக்கு. லோட்டஸ் செவன் என்று 1957-ல் வந்த காரின் சாயலாம். அந்தக் காலத்தில் அங்கே முழுக் காராக வாங்கினால் வரி, உதிரியாக வாங்கி நாமே மாட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆனால் மாட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது. அதனால் கம்பெனிக்காரர்கள் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று அவர் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஓம்னியில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது, ஷாப்ட் போய்ப் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. செவனிலும் அதே ஏற்பாடுதான். 796 சிசி, முப்பத்தைந்து சில்லறை குதிரைத்திறன். கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் செவன் வகை வண்டி 500 கிலோ சுற்றித்தான் வரும். ஓம்னியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே அந்த இன்ஜினுக்குப் புது உயிர் வராதா?

காரின் சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) என்ன குழாய் வாங்குவது, வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டில் வெல்டிங் ஓடுமா, கடைசியில் ஆர்டிஓவில் நம்பர் வாங்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுபவர்களும் திட்டலாம்.

காட்பாடி_ஜங்ஷன்
ஜனவரி 18, இரவு 10:15

திட்டத்தான் வந்தேன். ஆகிற செலவுக்கு நல்ல பழைய ஜிப்சி வாங்கலாம். அதிலும் நீளவாக்கு இன்ஜின், பின்சக்கர இழுவை. கூடவே நம்பர் பிளேட்டும் வரும்.

ஆம்பூர்_அடுப்பு
ஜனவரி 18, இரவு 10:31

கதவும் கூரையும் இல்லாத வண்டியை மே மாதம் வேலூரில் ஓட்டப் போகிறீர்களா? சீட்டில் மாவை ஊற்றினால் தோசை வரும். சீட்டு தைக்கத் தோல் வேண்டுமென்றால் மட்டும் சொல்லுங்கள், ஆள் இருக்கிறது.

ஆர்சி_புத்தகம்
ஜனவரி 19, காலை 7:05

விபத்து வழக்கு பார்க்கும் வக்கீலிடம் 22 வருடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது தெரியாமல் முதல் இரண்டில் கை வைக்க வேண்டாம்.

நம்பர் கிடைக்காது.

இங்கே வண்டி பதிவாக வேண்டுமென்றால் அந்த மாடலின் முன்மாதிரி, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் தேறியிருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 126. புனேயில் ஏஆர்ஏஐ இருக்கிறது, நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கில் வண்டி செய்து விற்கிற கம்பெனியை மனதில் வைத்து எழுதிய விதி அது. ஒரே ஒரு வண்டி கட்டுகிறவர் போய் நிற்க அங்கே வரிசையே இல்லை. இங்கிலாந்தில் ஒற்றை வண்டியையும் நிறுத்திப் பரிசோதித்து நம்பர் கொடுக்கிறார்கள். உங்கள் ஷூ வெள்ளைக்காரருக்கு அது கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்காது.

“பழைய ஓம்னியை மாற்றியமைத்தேன்” என்றும் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. உரிமையாளர் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பதிவு இல்லாமல் பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ ஓட்டக் கூடாது என்கிறது பிரிவு 39. ஆனால் அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்று அமைத்த தனி வகை வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுப்பதில்லை, பிரிவு 2(28); அதனால் சுற்றி வேலி போட்ட உங்கள் சொந்தத் தோப்புக்குள் மட்டும் ஓட்டினால் வாதாட இடம் உண்டு. கோயில் மைதானம், பாலாற்று மணல், லேஅவுட் ரோடு எல்லாம் பொது இடம்தான். ஜனங்கள் வந்து போகிற இடம் என்றால் பொது இடம்.

இன்னொன்று. ஆர்சி இன்னும் அப்பா பெயரிலா இருக்கிறது?

வாலாஜா_வேகம்
ஜனவரி 19, காலை 9:22

இவ்வளவு பயப்படணுமா? ஓம்னியில் சேசிஸ் நம்பர் அடித்த தகட்டை அப்படியே வெட்டி எடுத்துப் புதுச் சட்டத்தில் வெல்டு வைத்துவிட்டால் பழைய ஆர்சியிலேயே ஓட்டலாமே. சென்னையில் மூன்று சக்கர வண்டியில் இன்ஜின் மாட்டிய மீன்பாடி வண்டி எத்தனை வருடமாக ஓடுகிறது? எந்த ஏஆர்ஏஐ பார்த்தது?

ஆர்சி_புத்தகம்
ஜனவரி 19, காலை 9:40

வாலாஜா தம்பி, நீங்கள் சொன்னதற்குப் பெயர் மோசடி. அபராதத்தோடு முடியாது. தகடு வெட்டி ஒட்டிய வண்டி ஒருவர் மேல் மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி முதல் வாய்தாவிலேயே கழன்றுகொள்ளும். நஷ்டஈடு மொத்தமும் ஓட்டியவர் தலையில். வீட்டை விற்றுக் கட்டியவரைப் பார்த்திருக்கிறேன். மீன்பாடி வண்டி ஓடுகிறது என்பது, அது பிடிபடாத நாளைப் பற்றிய செய்தி.

சத்துவாச்சாரி_ஓம்னி
ஜனவரி 19, இரவு 8:50

ஆர்சி சார், ரொம்ப நன்றி. காலையில் படித்ததும் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் யோசித்துப் பார்த்தேன். நான் இதை பெங்களூர் ரோட்டில் ஓட்ட வேண்டும் என்று ஒருநாளும் கற்பனை செய்யவில்லை. கட்டுவதைத்தான் கற்பனை செய்தேன். குடியாத்தம் பக்கம் சித்தப்பாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது, நான்கு ஏக்கர், சுற்றிக் கம்பிவேலி. அது போதும்.

ஆமாம், ஆர்சி அப்பா பெயரில்தான்.

ஆர்சி_புத்தகம்
ஜனவரி 19, இரவு 9:10

அப்படியானால் வாரிசு சான்றிதழ் வைத்து முதலில் அம்மா பெயருக்கோ உங்கள் பெயருக்கோ மாற்றுங்கள். பிறகு பிரியுங்கள். பிரித்து இனி ஓட்ட லாயக்கில்லை என்று ஆனதும் 14 நாளுக்குள் ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்து ஆர்சியை ஒப்படைத்துவிட வேண்டும், பிரிவு 55. ரத்தான கடிதத்தை லேமினேட் செய்து வையுங்கள். நாளைக்கு யாராவது இன்ஜின் நம்பரைப் பார்த்து இது திருட்டு வண்டியா என்று கேட்டால் அந்தக் கடிதம்தான் பேசும்.

குடியாத்தம்_டூ_கோவை
ஜனவரி 20, மாலை 6:30

மாருதி இன்ஜினைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவையில் கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஒற்றை சீட்டு ரேஸ் கார்கள் கட்டினார், ஃபார்முலா மாருதி என்று பெயர். குறைந்த செலவில் பந்தயம் பழக அதைவிட நல்ல வண்டி அப்போது இங்கே இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான்.

சென்னை போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருப்பது தெரிந்திருக்கும். தோப்பு சலித்துப் போனால் அங்கே அனுமதி கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஓட்டிக்கொண்டு போக முடியாது, ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். டாடா ஏஸில் வண்டியின் மூக்கு வெளியே நிற்கும். டாடா நானூற்றேழு லாரி பிடியுங்கள்.

நூல்_கணக்கு
ஜனவரி 21, இரவு 9:00

சிப்காட்டில் 31 வருடம் லேத்தும் ஃபேப்ரிகேஷனும். இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். தம்பி கேட்ட முதல் இரண்டு கேள்விக்கு.

குழாய்: ஒரு இஞ்ச் சதுரம், 16 கேஜ் தடிமன். இங்கிலாந்திலும் இந்த வகை வீட்டுக் கார்களுக்கு அதைத்தான் பிடிக்கிறார்கள். ஒரு மீட்டர் 1.2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 20 அடி நீளம் ஒன்று ஏழு கிலோ. எட்டு நீளம் வாங்குங்கள். ஜிஐ குழாய் வேண்டாம். துருப்பிடிக்காது என்று கடையில் ஆசை காட்டுவார்கள். வெல்டு வைக்கும்போது துத்தநாகம் வெள்ளைப் புகையாக வரும், ராத்திரி குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிடுவீர்கள்.

வெல்டிங்: சிங்கிள் பேஸில் இன்வெர்ட்டர் மெஷின் ஓடும். ஆனால் 16 கேஜில் ராடு வெல்டிங் ஓட்டை போட்டுவிடும், கை பழகியிருக்க வேண்டும். முடிந்தால் சிஓ2 மெஷின் (ராடுக்குப் பதில் கம்பி தானாக ஓடிவரும் வெல்டிங் மெஷின்) வாடகைக்கு எடுங்கள். வெல்டிங் முகமூடிக் கண்ணாடி 11-ஆம் நம்பர்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் மேசை. ஜனங்கள் கார் கட்டுகிறேன் என்று குழாயைத் தரையில் போட்டு ஒட்ட ஆரம்பிப்பார்கள். தரை எங்கே மட்டமாக இருக்கிறது? முக்கால் இஞ்ச் பிளைவுட், 10 அடிக்கு 4 அடி, கீழே இரும்புக் கால். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும், நான்கு மூலையும் ஒரே மட்டம் வர வேண்டும். நடுவில் நூல் அடித்துக் கோடு போடுங்கள். வண்டியின் எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும். இந்தக் குழாயிலிருந்து அந்தக் குழாய்க்கு என்று அளந்தால் தப்பு தப்பைக் குட்டி போடும்.

எல்லாவற்றையும் முதலில் டேக் மட்டும் அடியுங்கள், அதாவது பொட்டுப் பொட்டாக வெல்டு. டேப்பை மூலைக்கு மூலை பிடியுங்கள், இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும். என் தாத்தா மாட்டு வண்டி செய்தவர், அவர் இதைக் கயிற்றில் பார்ப்பார். ஒரு நூல் வித்தியாசம் இருந்தால் அவிழ்த்துவிடுவார். அரைக்கால் இஞ்ச் மாட்டுக்குத் தெரியுமா என்று கேட்டால், மாடு சொல்லாது, அச்சு சொல்லும் என்பார்.

சதுரம் சதுரமாக விடாதீர்கள். ஒவ்வொரு சதுரத்திலும் குறுக்கே ஒரு குழாய். கட்டில் கால் ஆடினால் குறுக்குக் கட்டை அடிக்கிறோம் அல்லவா, அதே காரணம்.

டிப்ளமோ_தம்பி
ஜனவரி 21, இரவு 9:48

அண்ணா, நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். படம் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்!! ஞாயிற்றுக்கிழமை வந்து குழாய் அறுக்கவும் ரெடி.

எங்கள் சீனியர்கள் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மாருதி 800 இன்ஜினும் கியர்பாக்ஸும் அப்படியே எடுத்துப் பின்னால் வைத்து ஒரு பக்கி கட்டினார்கள். சீட்டுக்கு இடம் பத்தவில்லை என்று இன்ஜினை அரை வட்டம் திருப்பி, அச்சுக்குப் பின்னால் போகும்படி மாட்டினார்கள். பிரின்ஸிபால் வந்து கொடியசைத்தார். முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி பின்னால் போகிறது! திருப்பியதில் சக்கரம் சுற்றும் திசையும் திரும்பிவிட்டது. நான்கு ரிவர்ஸ், ஒரே ஒரு முன்கியர். அன்றைக்கு ஊர்வலம் முழுக்க ரிவர்ஸ் கியரில்தான் நடந்தது.

நூல்_கணக்கு
ஜனவரி 21, இரவு 10:02

ஓம்னியில் அந்த வம்பு இல்லை, இருக்கிற திசையிலேயே வைத்தால் சரி. ஆனால் பின் ஆக்சில் ஹவுசிங்கைத் தலைகீழாக மாட்டினால் அதே கூத்து நடக்கும். சிரிக்காதீர்கள், மாட்டுவார்கள்.

சத்துவாச்சாரி_ஓம்னி
மார்ச் 3, இரவு 10:20

ஆறு வாரக் கணக்கு. ஆர்சி அம்மா பெயருக்கு மாறி, அதன் பிறகு ரத்தும் ஆகிவிட்டது. ரத்துக்கான தாளில் கையெழுத்துப் போடும்போது அம்மா, “திருப்பதிக்கு எத்தனை தடவை போன வண்டி தெரியுமா” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் கணக்கு இல்லை.

பிரித்ததில் கண்டெடுத்தவை: பின்சீட்டுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் ஏழு, என் எட்டாம் வகுப்பு ஐடி கார்டு, அப்பாவின் டயர் பிரஷர் கேஜ். கேஜ் இன்னும் சரியாகக் காட்டுகிறது.

மேசை தயார். மேசைக்கே இரண்டு ஞாயிறு போனது. குழாய் அறுத்து, டிப்ளமோ தம்பி போட்ட படத்தை மேசையிலேயே ஒட்டி, கீழ்ச்சட்டம் முழுவதும் டேக் அடித்தாகிவிட்டது. மூலைக்கு மூலை அரை நூல்கூட வித்தியாசம் இல்லை.

சத்துவாச்சாரி_ஓம்னி
மார்ச் 10, காலை 6:15

ஒரு தப்பு செய்துவிட்டேன். நேற்று சிஓ2 மெஷின் கைக்கு வந்தது. வாடகை நாள் கணக்கு. அவசரத்தில், இடதுபக்கம் முன்னிருந்து பின்வரை எல்லா ஜாயிண்ட்டையும் ஒரே மூச்சில் முழு வெல்டு வைத்து முடித்தேன். கோடு பார்க்க அழகாக வந்திருந்தது. கண் பழகிக் கை ஓடுகிறது என்ற சந்தோஷம் வேறு.

இன்று காலை டேப் பிடித்தேன். ஒரு குறுக்களவு இன்னொன்றைவிட 11 மில்லி அதிகம். முன்பக்கம் இடதுபுறமாக வளைந்து நிற்கிறது. சம்மட்டியால் அடித்து நிமிர்த்தலாமா?

நூல்_கணக்கு
மார்ச் 10, காலை 6:40

மூன்றரை நூல். சம்மட்டியைத் தொடாதீர்கள். அடித்தால் குழாய் நசுங்கும், வளைவு வேறு இடத்துக்குப் போகும்.

வெல்டு சூடாக இருக்கும்போது பெருத்திருக்கும், ஆறும்போது சுருங்கி இரண்டு பக்கக் குழாயையும் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கம் பதினைந்து ஜாயிண்ட் இழுத்தால் சட்டம் எங்கே போகும்? அதனால்தான் இங்கே ஒன்று, எதிர்மூலையில் ஒன்று, கொஞ்சம் ஆறவிட்டு அடுத்தது என்று வைப்பது.

கிரைண்டரை எடுங்கள். இடதுபக்கம் குறுக்குக் குழாய்கள் சேரும் இடத்தில் வெல்டை மட்டும் அறுங்கள், நடுவிலிருந்து ஆரம்பித்து. ஒவ்வொன்றை அறுத்ததும் டேப் பிடியுங்கள்.

சத்துவாச்சாரி_ஓம்னி
மார்ச் 10, இரவு 9:30

ஐயா சொன்னபடியே செய்தேன். முதல் ஜாயிண்ட்டில் கட்டிங் வீல் முழுக்க இறங்கியதும் “டப்” என்று ஒரு சத்தம், இடைவெளி தானாக விரிந்தது. நகம் நுழையும் அளவுக்கு. நான் பயந்து பின்னால் நகர்ந்துவிட்டேன், இரும்பு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. டேப்பில் 11 போய் 8. மூன்றாவது அறுத்ததும் 4. ஐந்தாவதில் நின்றேன்: 1 மில்லி. திரும்ப டேக் அடித்து, ஐயா சொன்ன மாதிரி எதிரெதிர் மூலையாக வைத்து முடித்தேன். ஆறிய பிறகு 2 மில்லி. இதோடு விடலாமா?

நூல்_கணக்கு
மார்ச் 10, இரவு 9:41

முக்கால் நூலுக்கும் கீழே. விடலாம். தாத்தா இருந்திருந்தால் யோசித்திருப்பார்.

காட்பாடி_ஜங்ஷன்
மார்ச் 11, காலை 8:00

நான் இன்னும் ஜிப்சி கட்சிதான். ஆனால் தினமும் காலையில் முதலில் இந்த இழையைத்தான் திறக்கிறேன்.

சத்துவாச்சாரி_ஓம்னி
ஏப்ரல் 21, இரவு 9:15

முன்பக்கத்தில் பெரிய முடிவு ஒன்று எடுத்தேன், திட்டு விழும் என்று தெரியும். ஓம்னியின் முன்சக்கர சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் வகை, ஒற்றைத் தூண் மாதிரி உயரமாக நிற்கும். செவனில் மேலும் கீழும் இரண்டு ஆர்ம், அதனால் மூக்கு தாழ்ந்திருக்கும். நானே ஆர்ம் செய்து மாட்டினால் அழகு வரும், ஆனால் அந்த வெல்டு விட்டால் சக்கரம் தனியாகப் போய்விடும். என் ஆறு வார வெல்டிங்கை நம்பி அதில் இறங்க மனம் வரவில்லை. ஸ்ட்ரட்டையே வைத்துக்கொண்டேன். மேல்முனைக்கு 5 மில்லி தகடு, அதிலிருந்து மூன்று குழாய் சட்டத்துக்கு இறங்குகிறது. முன்பக்கம் பார்க்கத் தேரை மாதிரி இருக்கிறது.

பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கழற்றினேன். எட்டு பேரை ஏற்றிப் போன பட்டைக்கட்டு, இந்த எடைக்கு அசையவே இல்லை.

நூல்_கணக்கு
ஏப்ரல் 21, இரவு 9:50

தேரை பரவாயில்லை. நல்ல முடிவு. ஸ்டியரிங் என்ன செய்தீர்கள்? ஓம்னியில் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்து ஓட்டுவோம், ராடு கிட்டத்தட்ட நட்டுக்குத்தாக இறங்கும். உங்கள் வண்டியில் நான்கடி பின்னால் உட்காருகிறீர்கள். ராடை வெட்டி நடுவில் பைப் வைத்து வெல்டு செய்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சத்துவாச்சாரி_ஓம்னி
ஏப்ரல் 21, இரவு 10:05

அப்படித்தான் செய்யலாம் என்றிருந்தேன். இனி செய்யவில்லை.

நூல்_கணக்கு
ஏப்ரல் 21, இரவு 10:20

சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போங்கள். வேறு காரின் நடு ஸ்டியரிங் ஷாப்ட், இரண்டு முனையிலும் கிராஸோடு (மடங்கிச் சுழலும் மூட்டோடு), முழுசாகக் கிடைக்கும். பல் பொருந்துகிற மாதிரி தேடி எடுங்கள், ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. பில் வாங்குங்கள், ஆர்சி சார் சந்தோஷப்படுவார்.

பின்சக்கரத்துக்குப் போகும் புரொபெல்லர் ஷாப்ட்டைச் சுருக்கும்போது இரண்டு முனையின் கிராஸ் கவையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், பிறகு பேலன்ஸ் பார்க்க வேண்டும். அதை நீங்கள் செய்யாதீர்கள். லாரி ஷாப்ட் வேலை செய்கிற லேத்தில் கொடுங்கள்.

சத்துவாச்சாரி_ஓம்னி
மே 19, மாலை 5:30

அக்னி நட்சத்திரம். ஷெட்டுக்குள் பத்து மணிக்கு மேல் நிற்க முடியவில்லை. ஸ்பேனரைத் தரையிலிருந்து எடுத்தால் கை சுடுகிறது. சரி, வெல்டிங் வேண்டாம், ஃபைபர் மூக்கு போடலாம் என்று ரெசின் வாங்கி வந்தேன். கடைக்காரர் சொன்ன அளவுக்கு, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஊற்றிக் கலக்கி, ஃபைபர் மேட் துணியை வெட்ட உள்ளே போய்த் திரும்பினால் வாளி புகைகிறது. ஒரு லிட்டர் ரெசின் வாளியோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. இப்போது ஷெட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

டிப்ளமோ_தம்பி
மே 19, மாலை 6:02

அண்ணா, அந்த அளவு 25 டிகிரிக்கு! நம்ம ஊரில் இப்போது 41. விடியற்காலை ஐந்து மணிக்குப் போடுங்கள், கேட்டலிஸ்ட் குறையுங்கள், கால் லிட்டர் கால் லிட்டராகக் கலக்குங்கள், அகலமான தட்டில். முக்கியமாக, இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று ஊற்றாதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றது.

ஆம்பூர்_அடுப்பு
மே 19, இரவு 8:11

நான் ஜனவரியிலேயே தோசை என்று சொன்னேன், ரெசினில் சுட்டுவிட்டார். தம்பி, ஷூவுக்குப் போகிற தோல் சீட்டுக்கு ஆகாது. தோல் ஷாப்பில் சோபாவுக்குப் போகிற ரகம் துண்டு விழும், அதைக் கேட்கிறேன். கறுப்பு வேண்டாம். வெளிர்ப் பழுப்பு.

சத்துவாச்சாரி_ஓம்னி
செப்டம்பர் 28, இரவு 8:30

நீண்ட நாள் எழுதவில்லை. ஆடியில் தங்கை வளைகாப்பு, பிறகு கம்பெனியில் ஏற்றுமதி அவசரம்.

இன்று காலை நானூற்றேழில் ஏற்றித் தோப்புக்குக் கொண்டுபோனோம். மூக்கு தேரை, பின்பக்கம் பெட்டி, பெயிண்ட் இன்னும் பிரைமர்தான். நோட்டில் இதுவரை 1,38,400 ரூபாய். வழியில் ஒரு லாரி எடை மேடையில் ஏற்றிப் பார்த்தோம், நானூற்றேழைக் கழித்தால் 540 கிலோ.

முதல் கியர் போட்டேன், முன்னால்தான் போனது. டிப்ளமோ தம்பி கைதட்டினார். இரண்டாவது, மூன்றாவது. ஓம்னியில் இதே இன்ஜின் கிணற்றுக்குள்ளிருந்து கத்துகிற மாதிரி இருக்கும். இங்கே முழங்காலுக்கு முன்னாலிருந்து கேட்கிறது. வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து போகும்போது நாற்பது என்பது வேறு நாற்பது. மாமரத்து வேரெல்லாம் முதுகெலும்பில் தெரிகிறது. பின்பட்டையில் இன்னும் ஒன்று கழற்ற வேண்டும்.

அம்மாவும் வந்திருந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, “கதவு எங்கே?” என்றார். இல்லை என்றேன். சித்தப்பா பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கையைப் பிடித்து உள்ளே இறக்கிவிட்டார். இரண்டு சுற்று வந்தார். “உங்கப்பா இன்னும் மெதுவாக ஓட்டுவார்” என்றார்.

ஒரு பிரச்சினை. பிரேக் மிதித்தால் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. மெதுவாகப் போகும்போதும் இழுக்கிறது.

நூல்_கணக்கு
செப்டம்பர் 28, இரவு 8:44

இடதுபக்கம் இழுத்தால் நோய் வலதுபக்கத்தில். இடது சக்கரம் பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை. வலது முன்சக்கரத்தில் பிரேக் ஆயில் லைனிலிருந்து காற்று எடுத்தீர்களா? எடுத்தும் இழுத்தால் பிரேக் ஹோஸைப் பாருங்கள், மாட்டும்போது முறுக்கியிருப்பீர்கள். அதுவும் இல்லையென்றால் கிரீஸ் பட்டிருக்கும். அதைச் சரி செய்யும்வரை அம்மாவை ஏற்ற வேண்டாம்.

சத்துவாச்சாரி_ஓம்னி
செப்டம்பர் 29, காலை 7:10

டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது ஹோஸ் ஒரு முழு முறுக்கு முறுக்கியிருக்கிறது. அதில் போட்ட வெள்ளைக் கோடு சுருள் சுருளாகத் தெரிகிறது, இத்தனை நாள் கண்ணில் படவில்லை. புது ஹோஸே வாங்கிவிடுகிறேன்.

ஆம்பூர்_அடுப்பு
செப்டம்பர் 29, காலை 7:32

சீட்டு அளவு அனுப்புங்கள். அம்மா பக்கத்து சீட்டுக்குப் பஞ்சு கூடப் போடச் சொல்கிறேன்.

காட்பாடி_ஜங்ஷன்
செப்டம்பர் 29, காலை 7:50

அடுத்த தடவை தோப்புக்குப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஸ்டூல் நானே கொண்டுவருகிறேன்.